குருதி கூறும் செய்தி



சென்ற ஆண்டு ஒருநாள் வகுப்பு முடிந்தபின் மாணவி ஒருத்தி மடித்த தாளொன்றை என்னிடம் நீட்டினாள். அவளுடைய அம்மம்மாவின் குருதிப் பரிசோதனை முடிவு அது. "கிரியற்றினின் கொஞ்சந்தான் கூட. பரவாயில்லைத்தானே சேர்?" என்று கேட்டாள். வயது பன்னிரண்டு. அவர்கள் வீட்டுக்கு வரும் பிரெஞ்சுத் தாள்கள் யாவற்றையும் வாசித்துப் பொருள் கூறுபவள் அவளே. அன்று அவளுக்குச் சொன்ன மறுமொழியை இங்கு சற்று விரித்து எழுதுகிறேன்.

முதுகுப்புறத்தில், முள்ளந்தண்டின் இருமருங்கிலும் அவரை விதை வடிவில் அமைந்தவை சிறுநீரகங்கள். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ பத்து இலட்சம் நுண்ணிய சிறுநீரகத்திகள் உள்ளன. இதயம் வெளித்தள்ளும் குருதியில் ஐந்திலொரு பங்கு இவற்றையே நாடிச் செல்கின்றது. நாளொன்றுக்கு 180 லீற்றர் அளவு நீர் இங்கு வடிக்கப்படுகின்றது. ஆனால் நாம் கழிக்கும் சிறுநீரோ ஒன்றரை லீற்றர் மட்டுமே. எஞ்சியதெல்லாம், அதிலுள்ள வெல்லமும் உப்பும் உட்பட, தேவையறிந்து மீண்டும் குருதிக்கே உறிஞ்சப்படுகின்றது. நன்னூலார் கடைமாணாக்கனுக்கு நெய்யரியை உவமை கூறினார். நெய்யரி, அதாவது நம்மூர்ப் பன்னாடை, நல்லதை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சிறுநீரகம் அதற்கு நேர்மாறானது. உவமை தேடின் முதன்மாணாக்கனுக்குக் கூறிய அன்னத்தையே கூறல் வேண்டும்.

இனி கிரியற்றினினுக்கு வருவோம். தசைகள் இயங்குவதால் உண்டாகும் கழிவு இது. இதன் தாய்ப்பொருளாகிய கிரியற்றீனை 1832 இல் இறைச்சிச் சாற்றிலிருந்து பிரித்தறிந்தவர் பிரெஞ்சு அறிஞர் செவ்ரோல். பெயரும் இறைச்சியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்ததே. (பிள்ளைகள் ஐபிள் கோபுரத்துக்குச் செல்லும்போது அதிற் பொறிக்கப்பட்டுள்ள 72 பெயர்களுள் இவருடையதைத் தேடிப் பார்க்கலாம்.) தசை இக்கழிவை நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவாக உண்டாக்கும்; சிறுநீரகம் அதனை வெளியேற்றும். வாய்க்கால் தூர்ந்தால் நீர் தேங்குவதுபோல, சிறுநீரகம் தளர்ந்தால் குருதியில் கிரியற்றினின் தேங்கும். பரிசோதனை இத்தேக்கத்தையே அளக்கின்றது.

ஆயினும் அந்த ஓர் எண்ணை மட்டும் பார்த்து அமைதி கொள்ளலாகாது. தசை மிகுந்தவரிடம் கிரியற்றினின் இயல்பாகவே கூடும்; முதியோரிடமும் மெலிந்தோரிடமும் குறையும். ஆகவே வயதையும் பாலையும் சேர்த்துக் கணக்கிட்டு, சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலீற்றர் வடிக்கின்றது என்பதை ஆய்வுகூடத்தார் அடுத்த வரியில் எழுதுவர். பிரெஞ்சில் அதனை 'டே-எஃப்-ஜே' என்பர். லீற்றருக்கு 100 மைக்கிரோமூல் கிரியற்றினின் 25 வயது இளைஞனிடம் இருப்பின் அவ்வடிப்பு வீதம் ஏறத்தாழ 90, நல்ல நிலை. அதே 100, எழுபது வயதுப் பெண்மணியிடம் இருப்பின் வீதம் ஏறத்தாழ 49 தான். அம்மம்மாவின் தாளில் இருந்ததும் அதுவே. வீதம் 60 க்குக் கீழ் மூன்று மாதங்களுக்கு மேலாக நிலைத்தால் அது நாட்பட்ட சிறுநீரக நோய். 15 க்குக் கீழ் இறங்கினால் இயந்திரச் சுத்திகரிப்பைப் பற்றியோ மாற்றுச் சிறுநீரகத்தைப் பற்றியோ பேசவேண்டிய நிலை.

இவ்விறக்கத்தில் வலி இல்லை என்பதே பெருங்கேடு. தொழிற்பாட்டின் பாதியை இழந்தவரும் வழக்கம்போல் வேலைக்குச் சென்று வருவார். நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் உள்ளோர் ஆண்டுக்கொரு முறையேனும் இச்சோதனையையும், சிறுநீரில் அல்புமின் கசிகின்றதா என்ற சோதனையையும் செய்தல் வேண்டும். "எனக்கு ஒன்றுமில்லை, மாஸ்ரர்" என்று கூறும் தந்தையர் பலரை நானறிவேன். அவர்களுட் சிலர் உணவகச் சமையலறையில் பத்து மணிநேரம் நின்று, கால்வலிக்கு நாள்தோறும் இபுபுரோபன் விழுங்குபவர்கள். அம்மருந்து சிறுநீரகத்துக்குச் செல்லும் குருதியைக் குறைக்கக்கூடியது. பிரான்சில் 2020 சனவரி முதல் அதனை மருந்தாளரிடம் கேட்டே பெறவேண்டும். கேட்கும்போது உங்கள் நோய்களையும் கூறுங்கள். மெற்போமின் உட்கொள்வோருக்கு வடிப்பு வீதத்தைப் பார்த்தே மருத்துவர் அளவைக் குறைப்பார். தாமாக நிறுத்துவது தவறு.

சோதனை மிக எளிது. மருத்துவரின் சீட்டோடு ஆய்வுகூடத்துக்குச் சென்றால் கைநரம்பிலிருந்து சிறிதளவு குருதி எடுப்பர். கிரியற்றினினுக்கு மட்டுமாயின் வெறுவயிறு தேவையில்லை; சீனியும் கொழுப்பும் சேர்த்துப் பார்ப்பதாயின் பெரும்பாலும் வெறுவயிற்றோடு வரச்சொல்வர். தண்ணீர் அருந்தலாம். முதல்நாள் இரவு இறைச்சிக் கறியை வயிறுமுட்ட உண்டாலும், கடும் உடற்பயிற்சி செய்தாலும் எண் சற்று உயர்ந்து காட்டும்.

ஊரிலுள்ள உறவினருக்கும் இதனை எடுத்துரையுங்கள். பதவியா, மதவாச்சிப் பகுதிகளில் 1990களில் இனங்காணப்பட்டு, வவுனியா மாவட்டத்தையும் பற்றிய சிறுநீரக நோய், நீரிழிவோ அமுக்கமோ இல்லாத கமக்காரரையே பெரிதும் வருத்துகின்றது. அதன் காரணம் பற்றி ஆய்வாளரிடையே இன்றும் ஒருமித்த முடிவில்லை.

நாம் வாழும் இந்நகருக்கும் இவ்விடயத்தில் ஒரு வரலாறு உண்டு. 1952 நத்தார்க் காலத்தில் பாரிஸ் நெக்கேர் மருத்துவமனையில் மரியுஸ் ரெனார் என்னும் பதினாறு வயதுத் தொழிலாளச் சிறுவன் கிடந்தான். உயரத்திலிருந்து விழுந்து சிதைந்த சிறுநீரகத்தை அகற்றிய பின்னரே, அவனுக்குப் பிறவியிலேயே ஒன்றுதான் இருந்ததென அறிந்தனர். நீண்டகாலம் குருதியைச் சுத்திகரித்து உயிர்காக்கும் வழி அன்று இருக்கவில்லை. தாய் தன்னுடையதில் ஒன்றைத் தந்தாள். பேராசிரியர் ஜோன் ஹம்பூர்கே குழுவினர் அதனைப் பொருத்தினர். உயிரோடுள்ள உறவினர் ஒருவரின் சிறுநீரகத்தைப் பொருத்திய முதல் முயற்சிகளுள் அது தலையாயது. மூன்று வாரம் நன்கு இயங்கிப் பின் நின்றது. சிறுவன் இறந்தான். ஈராண்டின் பின், 1954 திசம்பரில், பொஸ்ரனில் இரட்டையரிடையே செய்த சிகிச்சை வெற்றி கண்டது.

அந்த மாணவியிடம் நான், "இதை நீ தனியே அம்மம்மாவுக்குச் சொல்லவேண்டாம்; அம்மாவோடு மருத்துவரிடம் போ" என்றேன். பிள்ளைகளின் தோளில் இத்தகைய செய்தியை ஏற்றுவது முறையன்று என்பது என் எண்ணம். மூன்று மாதத்தின் பின் மீண்டும் எடுத்த சோதனையில் வீதம் 51. குருதியமுக்கத்துக்கு மருந்து மாற்றினார்கள். உப்பும் ஊறுகாயும் குறைந்தன. பழைய தாள்கள் அனைத்தையும் அம்மம்மா இப்போது பிஸ்கற் தகரப்பேணியில் அடுக்கி வைத்திருக்கிறாராம். மருத்துவர் முதலில் கேட்பது அப்பேணியைத்தானாம்.