விசிறியும் வியர்வையும்

வேனிற்காலத்து நண்பகலில் வெளியே சென்று வீடு திரும்பும் ஒருவர் முதலிற் செய்வது மின்விசிறியின் ஆளியை அழுத்துதலே. சில விநாடிகளில் அவருடைய உடல் குளிர்கின்றது. விசிறி காற்றைக் குளிர்விக்கின்றது என்று அவர் எண்ணுகின்றார்; நம்முட் பலரும் அவ்வாறே எண்ணுகின்றோம். இவ்வெண்ணம் பிழையானது. கதவும் யன்னலும் அடைத்த அறையொன்றில் விசிறி நெடுநேரம் சுழலுமாயின், அவ்வறையின் வெப்பநிலை சிறிது உயருமேயன்றிக் குறையாது. அங்ஙனமாயின் நமக்குக் குளிர்ச்சியைத் தருவது யாது? இவ்வினாவுக்கு விடை காண விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. எறிந்துவிடும் ஒரு போத்தல், பழுதடைந்த ஒரு விளையாட்டு வண்டி, வெறுமையான ஒரு ரின்பால் பேணி ஆகியவற்றைக் கொண்டு சிறு விசிறியொன்றை நாமே ஆக்கிக்கொண்டால் அதுவே விடை கூறும். விடையறியாதார்க்கு விசிறியே சில வேளைகளிற் கேடாகவும் முடிதலின், இம்முயற்சி வெறும் பொழுதுபோக்கன்று.

உடல் வெப்பத்தை இழக்கும் வகை

வாளாவிருக்கும் ஒருவருடைய உடலும் ஏறத்தாழ 100 வாற்று வீதத்தில் வெப்பத்தைப் பிறப்பிக்கின்றது. இவ்வெப்பம் வெளியேறாவிடின் உடலின் வெப்பநிலை 37 பாகை செல்சியசில் நில்லாது ஏறிக்கொண்டே செல்லும். தோலின் வெப்பநிலை பொதுவாக 34 அல்லது 35 பாகையாகும். சூழவுள்ள வளி இதனிலும் குளிர்ந்திருக்கும்போது, கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல் என்னும் மூவகையாலும் உடல் வெப்பத்தை இழக்கும். வளியின் வெப்பநிலை தோலின் வெப்பநிலையை நெருங்க நெருங்க இவ்வழிகள் அடைபடுகின்றன. அப்போது எஞ்சியிருப்பது வியர்வை ஒன்றே.

வியர்வை வெளிப்படுவதனால் மட்டும் உடல் குளிர்வதில்லை. அது ஆவியாகும்போதே குளிர்கின்றது. ஒரு கிராம் வியர்வை ஆவியாவதற்கு ஏறத்தாழ 2400 யூல் வெப்பத்தைத் தோலிலிருந்து எடுத்துக்கொள்ளும். உடல் பிறப்பிக்கும் வெப்பம் முழுவதும் இவ்வழியாலேயே வெளியேற வேண்டுமாயின், மணித்தியாலத்துக்கு 150 கிராம் வியர்வை ஆவியாதல் வேண்டும் என்பது எளிய கணக்கு. துளித்துளியாக நிலத்திற் சிந்தும் வியர்வை உடலுக்கு இழப்பேயன்றிக் குளிர்ச்சியன்று. கடலாற் சூழப்பட்ட நம் நாட்டில் வளி ஈரமுடையது. தோலை ஒட்டியுள்ள மெல்லிய வளிப்படை விரைவில் நீராவியால் நிறைந்துவிட, ஆவியாதல் தளர்கின்றது. விசிறி செய்யும் தொண்டு அப்படையை நீக்கி, அவ்விடத்துக்குப் புதிய வளியைக் கொணர்வதே.

விசிறியை ஆக்கும் முறை

முதலில் வேண்டுவது மோட்டர். மின்கலங்களால் ஓடும் விளையாட்டு வண்டி உடைந்தபோதும் அதனுள் இருக்கும் சிறு மோட்டர் பெரும்பாலும் பழுதின்றியே இருக்கும். அதனைக் கழற்றி, ஒன்றரை வோல்ற்று மின்கலங்கள் இரண்டைத் தொடராக இணைத்து, சுழல்கின்றதா எனப் பார்த்துக்கொள்க.

அடுத்து இதழ்கள். ஒன்றரை லீற்றர் மென்பானப் போத்தலின் மேற்பகுதியை, கழுத்துக்குக் கீழே ஏழு சென்ரிமீற்றர் வருமாறு சுற்றி வெட்டுக. வெட்டிய விளிம்பிலிருந்து கழுத்தை நோக்கி ஆறு சமபாகங்களாகக் கீறி, ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்று பாகங்களை நீக்குக. எஞ்சிய மூன்றும் இதழ்களாம். அவற்றை வெளிப்புறமாக விரித்து, ஒவ்வொன்றின் அடியையும் சுடுநீரிற் சிறிது நேரம் பிடித்தால் அது இளகும். அந்நிலையில் மூன்றையும் ஒரே பக்கமாக, ஒரே அளவாக, ஏறத்தாழ 30 பாகை முறுக்கி ஆறவிடுக. முறுக்கில்லாத இதழ் வளியை வெட்டிச் செல்லுமேயன்றித் தள்ளாது. இதழ்களின் கூரிய முனைகளை வட்டமாக வெட்டிவிடுதல் நன்று.

போத்தலின் மூடியே குடமாகின்றது. அதன் மையத்தைக் காண்பதற்கு, மூடியின் அளவாக வெட்டிய வட்டக் கடதாசியை இருமுறை மடித்து விரிக்க. மடிப்புகள் வெட்டும் புள்ளியே மையம். அக்கடதாசியை மூடியின்மேல் வைத்து, சூடாக்கிய ஊசியால் மோட்டரின் அச்சிலும் சற்றுச் சிறிய துளையிட்டு, அச்சினை இறுகச் செருகுக. பின்னர் இதழ்களையுடைய கழுத்தை மூடியில் இறுகத் திருகி, சுழற்சியிற் கழன்றுவிடாதிருக்க ஒட்டுபசை இடுக.

தாங்கிக்கு ரின்பால் பேணி போதும். அதனுள் மணலை நிரப்பி, நடுவே ஒரு தடித்த தடியை நாட்டி, தடியின் தலையில் மோட்டரைக் கட்டுக. மோட்டருக்கும் தடிக்கும் இடையே தேய்ந்த செருப்பிலிருந்து வெட்டிய இறப்பர்த் துண்டொன்றை வைத்தால் அதிர்வு குறையும். மணல் எதற்கெனின், இதழ்கள் வளியை முன்னே தள்ளும்போது வளி அவற்றைப் பின்னே தள்ளுகின்றது. பாரமற்ற தாங்கி சாய்ந்துவிடும். மின்கலங்களிலிருந்து மோட்டருக்குச் செல்லும் கம்பியின் இடையே பழைய மின்சூளின் ஆளியை அமைத்தால் விசிறி முற்றுப்பெறும்.

வீட்டுச் சுவரிலுள்ள மின்வழங்கலோடு இதனை ஒருபோதும் இணைத்தல் கூடாது. அது உயிருக்கே இறுதியாகும். பழைய கைத்தொலைபேசியின் மின்கலத்தைப் பிரித்தெடுத்துப் பயன்படுத்துவதும் தகாது. துளைபட்டாலோ குறுக்குச்சுற்று ஏற்பட்டாலோ அது தீப்பற்றக்கூடும்.

மோட்டர் சுழல்வது ஏன்?

மின்னோட்டம் காந்தவூசியைத் திருப்பும் என்பதைத் தென்மார்க்கு நாட்டு அறிஞர் ஏர்ஸ்டெட் 1820ஆம் ஆண்டில் வெளியிட்டார். அடுத்த ஆண்டிலேயே மைக்கேல் பரடே, இரசத்தில் தோய்ந்த கம்பியொன்று மின்னோட்டம் பாயும்போது காந்தத்தைச் சுற்றிவருமாறு செய்துகாட்டினார். அமெரிக்கரான ஸ்கைலர் வீலர் 1882ஆம் ஆண்டளவில் இரண்டு இதழ்களையுடைய மேசை மின்விசிறியை அமைத்தார். நம் விளையாட்டு மோட்டரைத் திறந்து பார்ப்பின், வளைந்த காந்தங்கள் இரண்டும், அவற்றினிடையே அச்சிற் சுற்றிய மூன்று செப்புச் சுருள்களும் தோன்றும். அச்சு திரும்புந்தோறும் சுருள்களிற் பாயும் மின்னோட்டத்தின் திசையைத் திசைமாற்றி மாற்றிக்கொடுப்பதால், சுழற்சி இடையறாது நிகழ்கின்றது. சுருள் ஒன்றேயாயின் தள்ளுகை அற்ற நிலையொன்றில் அச்சு நின்றுவிடலாம். மூன்றாயின் எந்நிலையிலும் அது தானே புறப்படும்.

காற்று முன்னே வராது பின்னே செல்லுமாயின் கலங்களின் முனைகளை மாற்றி இணைத்தால் போதும். விசிறி நடுங்குமாயின் ஓர் இதழ் மற்றையவற்றிலும் பாரமானது என்பது பொருள். அதனைச் சிறிது சிறிதாக நறுக்கிச் சமன்செய்க. மோட்டர் சுடுமாயின் இதழ்கள் நீண்டுவிட்டன. ஒரு விசிறியின் கதியை இருமடங்காக்கினால் வளி இருமடங்காகவே பெயரும். வேண்டிய வலுவோ எட்டு மடங்காகும். ஆகவே விரைந்து சுழலும் சிறு விசிறியினும், மெல்லச் சுழலும் பெரிய விசிறியே சிக்கனமானது. கூரையிலே தொங்கும் விசிறிக்கு நீண்ட இதழ்கள் அமைந்த காரணமும் இதுவே. நம் சிறு விசிறிக்குக் கிடைக்கும் வலு ஒன்றிரண்டு வாற்று மட்டுமே. ஆதலின் அதனை முகத்துக்கு அண்மையில், அரை மீற்றருக்குள் வைத்தல் வேண்டும்.

வெப்பமானியின் சாட்சி

இனி விசிறியின் முன்னே ஒரு வெப்பமானியை வைத்துப் பத்து நிமிடம் பார்க்க. அளவு குறையாது. பின்னர் அதன் குமிழை ஈரத்துணியாற் சுற்றி மீண்டும் வைக்க. இப்போது அது சில பாகை இறங்கும். வளி வறண்டிருக்கும் நாளிற் கூடுதலாகவும், மழைமூட்டமான நாளிற் குறைவாகவும் இறங்கும். காற்று முன்னிருந்த அதே காற்று, குளிர்ந்தது ஈரத்துணியே. நம் தோலும் வியர்வையால் நனைந்த துணியை ஒத்தது. ஆளில்லாத அறையிற் சுழலும் விசிறி எவரையும் எதனையும் குளிர்விப்பதில்லை என்பதும் இச்சோதனையால் விளங்கும்.

மின்சாரம் இல்லாத நாட்கள்

1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாடு பல்லாண்டுகள் மின்சாரமின்றி இருந்தது. அக்காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் மாணவர் படித்தனர். சைக்கிளைக் கவிழ்த்துவைத்துச் சில்லைச் சுழற்றி, தைனமோவிலிருந்து பெற்ற மின்னால் வானொலி கேட்டனர். 2022ஆம் ஆண்டு பங்குனி இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டபோது, பலர்க்கு அந்நாட்கள் நினைவில் எழுந்தன.

தைனமோவால் நம் விசிறியை இயக்கலாமா? நேரே இணைத்தால் மோட்டர் நடுங்குமேயன்றிச் சுழலாது. தைனமோ தருவது ஆடலோட்டம், மோட்டர் வேண்டுவது நேரோட்டம். நான்கு இருவாயிகளாலான சீராக்கியொன்றை இடையே அமைத்தால் அது சுழலும். ஆயினும் ஒரு கணக்கை நோக்குக. தைனமோ 3 வாற்றுத் தருவதற்கு, விரயத்தையும் சேர்த்து ஏறத்தாழ 8 வாற்று வேலையை நாம் செய்தல் வேண்டும் எனக் கொள்வோம். நம் தசைகள் செலவிடும் சத்தியில் ஏறத்தாழ நாலிலொரு பங்கே வேலையாகும், எஞ்சியது வெப்பமாகும். ஆகவே மிதிப்பவர் தம்முடலில் மேலும் 24 வாற்று வெப்பத்தை உண்டாக்கிக்கொள்கின்றார். தமக்காக மிதிப்பவர்க்கு இதனால் வரும் ஊதியம் சிறிது. அருகே படுத்திருக்கும் நோயாளிக்காக மிதிப்பின், அவர்க்கு வரும் பயன் பெரிது.

விசிறி உதவாத இடம்

வளியின் வெப்பநிலை தோலின் வெப்பநிலையை விஞ்சும்போது விசிறியின் காற்று உடலுக்கு வெப்பத்தைக் கொணரத் தொடங்கும். வியர்வை போதிய அளவு ஆவியாகும்வரை அவ்விழப்பை ஈடுசெய்யலாம். 40 பாகைக்கு மேற்பட்டால் விசிறி உடலை மேலும் சூடாக்கும் என உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கின்றது. நம் நாட்டில் நிழலில் அவ்வளவு வெப்பம் அரிதாயினும், நண்பகலில் தகரக்கூரையின் கீழுள்ள அடைத்த அறை அந்நிலையை எய்தக்கூடும். முதியோர்க்கு வியர்வை குறைவு. சில மருந்துகளும் வியர்வையைக் குறைப்பன. அத்தகையோர் முன்னே விசிறியைச் சுழலவிட்டு, காற்றுக் கிடைக்கின்றது என்று நாம் அமைதியுற்றிருத்தல் ஆபத்தாகும். அவர்களை நிழலுக்குக் கொணர்ந்து, குடிக்க நீர் கொடுத்து, ஈரத்துணியால் உடலைத் துடைத்து, அதன்பின் விசிறுதல் வேண்டும். உடல் தர இயலாத வியர்வையை ஈரத்துணி தருகின்றது.

தொட்டிலருகே பனையோலை விசிறியுடன் இருந்த தாய்மார் மறைவெப்பத்தின் கணக்கை அறியார். ஆயினும் காய்ச்சலுற்ற பிள்ளையின் நெற்றியில் ஈரத்துணி இட்டு, தம் கை வெதும்ப மெல்ல மெல்ல விசிறினர். போத்தலாலும் பேணியாலும் நாம் ஆக்கிய சிறு விசிறி, அவர்கள் செய்ததன் காரணத்தை நமக்கு விளக்குகின்றது.