நாரி நோ காலுக்குள் இறங்கும்போது

வன்னியில் நாரி நோவைப் பற்றிப் பேசாத கமக்காரரைக் காண்பது அரிது. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்தும், 1996இல் கிளிநொச்சியிலிருந்தும், பின்னர் 2008இலும் 2009இலும் ஊர் ஊராகவும் எமது மக்கள் தலையிலும் தோளிலும் சைக்கிளிலும் வீட்டைச் சுமந்து நடந்தார்கள். தறப்பாளின் கீழ் ஈரத்தரையில் படுத்தார்கள். திரும்பி வந்தவர்கள் பற்றையாகிக் கிடந்த காணியைக் கத்தியோடும் மண்வெட்டியோடும் திருத்தினார்கள். சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாதவர்கள் பிறருடைய வயலில் கூலிக்குக் குனிகிறார்கள். இவர்களுடைய நாரி நோகாமல் வேறு எவருடைய நாரி நோகும்?

ஆனால் எல்லா நாரி நோவும் ஒன்றல்ல. குனிந்து எழும்போது நாரியில் மட்டும் பிடித்துக்கொள்வது ஒரு வகை. அது பெரும்பாலும் சில கிழமைகளில் போய்விடும். இங்கு நாம் எடுத்துக்கொள்வது மற்ற வகையை. நோ நாரியில் தொடங்கி, ஒரு பக்கப் பிட்டத்தினூடாகத் தொடையின் பின்புறம் இறங்கி, கெண்டைக்காலையும் கடந்து பாதம்வரை மின்னல்போல இழுக்கும். இருமினாலும் தும்மினாலும் கூடும். காலில் எறும்பு ஊர்வது போலவோ விறைத்தது போலவோ இருக்கும். ஆங்கில மருத்துவத்தில் இதற்குச் சயற்றிக்கா என்று பெயர். ஆயுர்வேதத்தில் கிருத்ரசி என்பார்கள். கிருத்ரம் என்றால் பிணந்தின்னிக் கழுகு. நோவுள்ளவர் காலை இழுத்து நடப்பது அப்பறவையின் நடையை ஒத்திருப்பதால் வந்த பெயர் என்று விளக்கம் சொல்வார்கள். எமது ஊர்களிலோ "வாதம் காலுக்குள் இறங்கிவிட்டது" என்று சொல்லிவிடுகிறோம். இந்தச் சொல்லே பலரைப் பயப்படுத்துகிறது. பாரிசவாதம் வேறு, இது வேறு. பாரிசவாதத்துக்குக் காரணம் மூளையில் இருக்கிறது. இதற்குக் காரணம் நாரியில் நரம்பின் வேர் ஒன்று நெருக்கப்படுவது.

பயம் வந்தவுடன் ஒருவர் பாயில் படுத்துவிடுகிறார்; காலபோக விதைப்பு அவரை விட்டுப் போய்விடுகிறது. இன்னொருவர் கடையில் குளிசை வாங்கி விழுங்கிக்கொண்டு மூடை தூக்குகிறார். வேறொருவர் மனைவியின் தாலிக்கொடியை அடைவு வைத்து, சத்திரசிகிச்சைக்கு ஓடுகிறார். இந்த மூன்றும் பெரும்பாலானோருக்குத் தேவையற்றவை. ஏன் என்று விளங்குவதற்கு நோயின் அடிப்படையைச் சிறிது அறியவேண்டும்.

எமது நாரியில் ஐந்து முள்ளென்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளன. இரண்டு என்புகளுக்கு நடுவே ஒரு தட்டு உண்டு. அதன் வெளிப்புறம் நார்ப் பின்னல். உள்ளே களிபோன்ற பொருள். குனிந்து பாரம் தூக்கும்போது முன்பக்கம் நசிய, களி பின்பக்கமாகத் தள்ளுகிறது. வருடக்கணக்கில் நைந்துபோன நார் ஒருநாள் கிழிந்தால் களி பிதுங்கி, அருகில் செல்லும் நரம்பு வேரை நெருக்கி அதைப் புண்ணாக்கும். அந்த வேர்கள் சேர்ந்து உண்டாவதே எமது உடம்பின் மிகப் பருமனான நரம்பு. அது காலின் பின்புறமாக இறங்குகிறது. ஆகவே பழுது நாரியில், நோ காலில். காலை எவ்வளவு உருவினாலும் நோயின் இடத்தைத் தொடமாட்டோம். தட்டுப் பிதுங்குவதே இந்நோய்க்குக் காரணம் என்பதை மிக்ஸ்ரர், பார் என்ற இரு பொஸ்ரன் நகர வைத்தியர்கள் 1934இல் எழுதிய பின்னரே உலகம் பரவலாக ஏற்றுக்கொண்டது.

வயதானவர்களில் காரணம் சற்று வேறு. என்பு வளர்ந்து நரம்பு செல்லும் வழி ஒடுங்கிவிடுகிறது. இப்படிப்பட்ட ஐயா ஒருவர் அரைக் கட்டை நடந்தால் கால் கடுத்து இருந்துவிடுவார். சைக்கிளில் முன்சாய்ந்து ஐந்து கட்டை போய்வருவார். அதைப் பார்த்து நடிப்பென்று எண்ணக்கூடாது. முன்னுக்குச் சாயும்போது அந்த ஒடுங்கிய வழி சற்று அகலிக்கிறது.

பிதுங்கிய களியை உடம்பு தானாகவே சிறிது சிறிதாகக் கரைத்துவிடும் என்பது நல்ல செய்தி. நெதர்லாந்தில் 183 நோயாளரைக் கொண்டு செய்த ஓர் ஆய்வு 1999இல் வெளிவந்தது. ஒரு பகுதியினரை இரண்டு கிழமை படுக்கையில் வைத்தார்கள்; மறு பகுதியினரை இயன்றளவு நடமாட விட்டார்கள். 12 கிழமை முடிவில் இரு பகுதியிலும் 100க்கு 87 பேர் தேறியிருந்தார்கள். படுத்துக் கிடந்தவர்களுக்கு எந்த இலாபமும் இல்லை. எனவே தாங்க முடியாத நோவென்றால் இரண்டு, மூன்று நாட்கள் படுக்கலாம். மல்லாந்து படுத்தால் முழங்காலின் கீழ் சுருட்டிய சாக்கு ஒன்றை வையுங்கள். சரிந்து படுத்தால் இரு முழங்கால்களுக்கும் இடையே தலையணை. பின்பு எழுந்து முற்றத்தில் நடக்கத் தொடங்குங்கள். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூட்டுங்கள். வெறும் சீமெந்துத் தரை நாரிக்கு மருந்து என்ற நம்பிக்கை எம்மிடையே உண்டு; அது மருந்தல்ல. தொய்ந்த கட்டிலும் உதவாது. பாயின்கீழ் மடித்த போர்வை போதும்.

நோவுள்ளவர் தன்னைத் தானே சோதிக்க ஒரு வழி உண்டு. 1956இல் நியூசிலாந்தில் ரொபின் மக்கென்சி என்ற இயன்மருத்துவரிடம் வந்த ஒரு நோயாளி, தலைப்பக்கம் உயர்த்தியிருந்த கட்டிலில் தவறுதலாகக் குப்புறப் படுத்துவிட்டார். சில நிமிடங்களில் காலில் இருந்த நோ நீங்கிவிட்டது. அதிலிருந்து மக்கென்சி ஒரு விதியைக் கண்டார். எந்த அசைவில் நோ பாதத்திலிருந்து மேலேறி நாரியை நோக்கி ஒடுங்குகிறதோ, அது நல்ல அசைவு. நாரியில் சற்றுக் கூடினாலும் பரவாயில்லை. எந்த அசைவில் நோ காலுக்குள் மேலும் இறங்குகிறதோ, அதை நிறுத்தவேண்டும். குப்புறப் படுத்து, பின் முழங்கைகளை ஊன்றி நெஞ்சை மட்டும் உயர்த்திச் சில நிமிடங்கள் இருந்து பாருங்கள். பலருக்கு இது சுகம் தரும். மேலே சொன்ன வயதானவருக்குத் தராது. அவருக்கு மல்லாந்து படுத்து முழங்கால்களை நெஞ்சோடு அணைப்பதே இதம்.

இனி வேலைக்கு வருவோம். கூலிக்குப் போகிறவரிடம் "பாரம் தூக்காதே" என்பது "சாப்பிடாதே" என்பதற்குச் சமம். ஆகவே எப்படித் தூக்குவது என்பதையே பேசுவோம். ஜேர்மனியின் உல்ம் நகர ஆய்வாளர்கள் ஒருவருடைய நாரித் தட்டுக்குள் ஊசி போன்ற கருவியைச் செலுத்தி அழுத்தத்தை அளந்து 1999இல் வெளியிட்டார்கள். சும்மா நிற்கும்போதுள்ள அழுத்தத்தை ஒன்று என்று கொண்டால், 20 கிலோவை முதுகை வளைத்துத் தூக்கும்போது அது நான்கு மடங்குக்கு மேல். அதே 20 கிலோவை உடம்போடு அணைத்துப் பிடித்து நின்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. எமது யூரியாப் பை 50 கிலோ. நெல் மூடை அதற்கும் மேல். கணக்கை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பையை அவிழ்த்து இரண்டாகப் பிரித்துக் கொண்டுபோவது வெட்கமில்லை. மூடையை இருவர் தூக்குங்கள். நிலத்திலிருந்து அல்லாமல் பலகையிலோ வண்டித் தட்டிலோ இருந்து தோளுக்கு ஏற்றுங்கள். தூக்கியபடி நாரியைத் திருகாமல் காலை எடுத்து வைத்துத் திரும்புங்கள். 16 லீற்றர் மருந்துத் தாங்கியை நிலத்தில் வைத்து முதுகுக்கு ஏற்றுவது பெரும்பிழை. இடுப்பளவு உயரத்தில் வைத்து, பின்பக்கமாகச் சென்று பட்டிகளை மாட்டி எழும்புங்கள். மண்வெட்டிப் பிடி கட்டையாக இருந்தால் நீளமான பிடி போடுங்கள்; செலவு கொஞ்சம், பலன் அதிகம். கச்சானுக்குக் களை எடுக்கும் பெண்கள் நாள் முழுக்க நாரியால் குனிவதைவிடச் சாக்கை விரித்து முழந்தாளிட்டும், சிறு பலகைக் கட்டையில் இருந்தும் மாறி மாறிச் செய்யலாம். ஒரு பக்க இடுப்பில் நிறைகுடம் சுமப்பதிலும் இரு கையிலும் அரை வாளி அரை வாளியாகக் கொண்டுவருவது மேல். கிணற்றுக் கட்டில் வளைந்து நின்று அள்ளாமல் ஒரு கப்பி பூட்டுங்கள். அப்போது நாரி இழுக்காது, உடம்பின் பாரமே இழுக்கும்.

இன்னொன்று, பலர் கவனியாதது. இரவில் படுத்திருக்கும்போது தட்டுகள் நீரை உறிஞ்சிப் புடைக்கின்றன. காலையில் நாம் ஒரு சென்ரிமீற்றர் அளவு உயர்ந்துகூட இருப்போம். புடைத்த தட்டு குனிவதைத் தாங்காது. விடியற்காலையில் எழுந்தவுடன் குனிந்து வேலை செய்வதே எமது பழக்கம். நோவுள்ளவர்கள் முதல் ஒரு மணித்தியாலத்துக்கு வாய்க்கால் பார்ப்பது, மாட்டை அவிழ்த்துச் செல்வது போன்ற நின்று நடந்து செய்யும் வேலைகளை வைத்துக்கொள்ளட்டும். குனியும் வேலை அதற்குப் பிறகு.

மருந்தைப் பற்றி. நொச்சி இலை ஒத்தணமும் தவிட்டு ஒத்தணமும் இறுகிய தசையை இளக்கும். சுட்டுவிடாமல், குறிப்பாக விறைத்த தோலில், கவனமாகச் செய்யுங்கள். பரியாரியாரின் எண்ணெயைத் தடவுவதில் தவறில்லை. ஆனால் கால் விறைத்திருக்கும்போது நாரியை முறுக்குவதற்கோ, பிள்ளையை முதுகில் ஏற்றி மிதிப்பிப்பதற்கோ எவரையும் விடாதீர்கள். கடுமையாகச் சொல்லவேண்டியது நோக்குளிசைகளைப் பற்றியே. டைக்குளோபினாக், ஐபுபுரொபின் போன்றவை சில நாட்களுக்கு, சாப்பாட்டுக்குப் பின், வைத்தியர் சொன்ன அளவில் உதவும். மாதக்கணக்கில் விழுங்கினால் குடலில் புண் வரும், சிறுநீரகம் பழுதாகும். வெயிலில் வியர்த்து, தண்ணீர் குடியாமல் வேலை செய்பவருக்கு ஆபத்து இன்னும் கூட. வவுனியா மாவட்டத்தின் சில பகுதிகளிலும் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் கமக்காரரைத் தாக்கியிருக்கும் நிலையில், எமது சிறுநீரகத்தை நாமே இடிக்க வேண்டியதில்லை. பெயர் எழுதாத கடதாசியில் சுற்றித் தரும் கலவைக் குளிசையைத் தொடவே வேண்டாம்.

சில குறிகளைக் கண்டால் மட்டும் காத்திருக்கக்கூடாது. சலம் கட்டிக்கொண்டாலோ அறியாமலே போனாலோ, மலத்தை அடக்க முடியாவிட்டாலோ, இருக்கும் இடமும் மறைவிடமும் விறைத்தாலோ, இரண்டு கால்களும் வலுவிழந்தாலோ அன்றைக்கே, இரவென்றாலும், வைத்தியசாலைக்குப் போகவேண்டும். இதைச் சொல்ல வெட்கப்பட்டுச் சில நாட்கள் பொறுத்தால், பின்பு சத்திரசிகிச்சை செய்தாலும் இழந்தது திரும்பாமல் போகலாம். பாதத்தை உயர்த்த முடியாமல் செருப்புக் கழன்று விழுவதும், குதிக்காலால் நடக்க முடியாததும் தாமதிக்கக்கூடாத குறிகளே. காய்ச்சலும் மெலிவும் இரவில் கூடும் நோவும் சேர்ந்தால் முள்ளந்தண்டில் சயரோகமோ வேறு நோயோ இருக்கலாம், உடனே காட்டுங்கள்.

மற்றையோர் ஆறு கிழமையில் குறைவு காணாவிட்டால் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்ட வைத்தியசாலைகளுக்குப் போகலாம். அங்கு பார்வை இலவசம். எக்ஸ்றேயில் தட்டும் நரம்பும் தெரியாது என்பதால் படம் எடுக்கவில்லையே என்று மனங்குன்ற வேண்டாம். சத்திரசிகிச்சை பற்றி 2007இல் வெளிவந்த மற்றொரு நெதர்லாந்து ஆய்வு, முன்கூட்டியே வெட்டியவர்களுக்கு நோ விரைவில் குறைந்தது என்றும், ஒரு வருட முடிவில் காத்திருந்தவர்களும் அதே அளவுக்குத் தேறினார்கள் என்றும் கண்டது. ஆபத்துக் குறி இல்லாதவர் காணியையோ நகையையோ ஈடு வைக்குமுன் இதை வைத்தியரிடம் கேட்டுப் பேசவேண்டும்.

போரில் காயப்பட்டவர்களுக்கு இரண்டு விடயங்கள். செயற்கைக் கால் அணிந்தவருக்கு அதன் உயரம் சிறிது பிசகினாலும் நாரி நோகும். குளிசைக்கு முன் காலை அளந்து திருத்தச் சொல்லுங்கள். உடம்பில் செல் துண்டு இருப்பவர்கள், எவ்வளவு சிறிதென்றாலும், எத்தனை வருடம் ஆனாலும், எம்.ஆர்.ஐ. படம் எடுக்கப் போகும்போது அறைக்குள் செல்லுமுன் அதைச் சொல்லிவிட வேண்டும். அந்த இயந்திரம் பெரும் காந்தம். உள்ளே கிடக்கும் இரும்பை அது அசைத்துவிடக்கூடும். பதியும்போதே தாதியிடம் சொல்லி, துண்டில் எழுதச் செய்யுங்கள்.