நுண்கணிதத் தேர்வுக்கு எட்டாண்டு ஆயத்தம்

1988-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்’ என்னும் அமெரிக்கத் திரைப்படத்தைக் கண்ட பெற்றோர் பலர் ஓர் எண்ணத்தோடு வீடு திரும்பியிருப்பர். நல்லாசிரியர் ஒருவர் வாய்த்துவிட்டால், கணக்கில் பின்தங்கிய பிள்ளைகளும் ஓரிரு ஆண்டுகளில் நுண்கணிதம் கற்றுத் தேறிவிடலாம் என்பதே அது. படம் நல்ல படந்தான். உண்மை நிகழ்ச்சியைத் தழுவியதுங்கூட. ஆனால் காலத்தை அது மிகவும் சுருக்கிவிட்டது. அச்சுருக்கத்தால் விளையும் மயக்கம் சிறிதன்று. ஆதலால் நடந்ததை நாம் சற்று நிதானமாகக் காண்போம்.

ஹைமே எஸ்கலாந்தே 1930-இல் பொலிவியா நாட்டின் லா பாஸ் நகரில் பிறந்தவர். அங்கு இயற்பியலும் கணிதமும் கற்பித்தவர். 1960-களில் அவர் அமெரிக்காவில் குடியேறியபோது, அவருடைய தகுதிகள் அங்கு ஏற்கப்படவில்லை. உணவு விடுதியில் தரை துடைத்தார், ஆங்கிலம் பயின்றார், மீண்டும் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றார். 1974-இல் கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியரானார். மெக்சிகோ வழிவந்த உழைப்பாளர் குடும்பத்துப் பிள்ளைகளே அங்கு மிகுதி.

அந்நாட்டுப் பள்ளி மாணவர் விரும்பினால் எழுதக்கூடிய ‘அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்’ தேர்வுகள் ஆண்டுதோறும் மே மாதம் நடைபெறுகின்றன. 1 முதல் 5 வரை தரம் இடுவர். 3-ம் அதற்கு மேலும் தேர்ச்சியாகக் கருதப்படும். நுண்கணிதத்தில் நல்ல தரம் பெற்றவருக்கு, கல்லூரியின் தொடக்கக் கணிதப் பாடத்தை முடித்ததாகவே பல கல்லூரிகள் சலுகை அளிக்கின்றன. ஏழைக் குடும்பத்திற்கு இது பணத்திலும் காலத்திலும் பெரிய ஆதாயம்.

எஸ்கலாந்தேயின் முதல் நுண்கணித வகுப்பிலிருந்து 1979-இல் தேர்வு எழுதியவர் ஐவர், தேறியவர் இருவர். மறு ஆண்டு ஒன்பதின்மரில் எழுவர். 1981-இல் 15 பேரில் 14 பேர். 1982-இல் எழுதிய 18 பேரும் தேறினர். அவர் பள்ளியில் காலடி வைத்து அப்போது எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன!

ஏன் இத்தனை காலம்? தொடக்கப் பாடத்திலேயே வரும் வினா ஒன்றைப் பார்ப்போம். ஓர் எண்ணின் வர்க்கத்திலிருந்து 9-ஐக் கழித்து, அதனை, அவ்வெண்ணிலிருந்து 3-ஐக் கழித்து வருவதால் வகுக்க வேண்டும். அவ்வெண் 3-ஐ நெருங்க நெருங்க, ஈவு எதனை நெருங்கும்? நேரே 3-ஐ இட்டால் மேலும் சுழி, கீழும் சுழி; விடை இல்லை. மேலுள்ளதைக் காரணிப்படுத்தினால் கீழுள்ளது அடிபட்டுப்போகும். எஞ்சுவது அவ்வெண்ணும் 3-ம் சேர்ந்த கூட்டுத்தொகை. ஆகவே விடை 6. இதில் ‘நெருங்குதல்’ என்னும் கருத்து மட்டுமே புதியது; மற்றதெல்லாம் பழைய இயற்கணிதம். அதில் தடுமாறும் பிள்ளை, நுண்கணிதம் விளங்கவில்லை என்று சொல்லி அழும். உண்மையில் விளங்காதது கீழ்வகுப்புப் பாடமே. ஆகவேதான் எஸ்கலாந்தே கீழ்வகுப்புகளின் இயற்கணிதத்தையும் முக்கோணவியலையும் முதலில் செப்பனிட்டார். பள்ளி தொடங்குமுன்னும் முடிந்த பின்னும் பயிற்சி அளித்தார். பிள்ளைகளிடம் அவர் வேண்டியது ‘கானாஸ்’. ஸ்பானிய மொழியில் அதற்கு உள்ளத்தின் வேட்கை என்று பொருள்.

1982-இன் வெற்றி கசப்போடு வந்தது. ஒரே வினாவில் பலர் ஒரே வகையான பிழை செய்திருந்ததால், 14 பேர்மீது தேர்வு நிறுவனம் ஐயம் கொண்டது. 12 பேர் மீண்டும் எழுத முன்வந்தனர். ஆகஸ்டு மாதம் எழுதிய அப்பன்னிருவரும் தேறினர். முதல் தேர்வின்போது பிழையான விடை எழுதிய தாள் ஒன்று கைமாறியதாக, பிற்காலத்தில் மாணவர் இருவர் ஜே மாத்யூஸ் என்னும் பத்திரிகையாளரிடம் கூறியுள்ளனர். தேறத் தெரிந்த பிள்ளைகளுக்கு அந்தத் தாள் எதற்கு? கிடைத்ததும் தவறான விடை!

1987-இல் அப்பள்ளியில் நுண்கணிதத்தில் தேறியோர் எண்பதுக்கும் மேற்பட்டனர். 1991-இல் எஸ்கலாந்தே விலகிச் சென்றார். கீழ்வகுப்பிலிருந்து அவர் கட்டிய ஏற்பாடு தளர்ந்தது. சில ஆண்டுகளிலேயே தேறுவோர் தொகையும் வெகுவாகக் குறைந்தது.