பந்தயச் சில்லும் பருவமழை வீதியும்

கட்டுக்குருந்தைப் பந்தயத்தடத்துக் கார்களைப் பார்த்துத் தமது காருக்கும் அகன்ற டயர் தேடும் திருகோணமலை இளைஞர்களுக்கு ஒன்று கூற விரும்புகின்றோம். பந்தயக் கார்களின் சில்லுகள் மேற்புறம் உட்சாய்ந்திருக்கும். வளைவில் கார் வெளிப்புறம் சரிகையில் வெளிச்சில்லு நிமிர்ந்து, டயர் முழுமையாகத் தரையைப் பற்றவே இந்த ஏற்பாடு. நேர்வீதியிலோ, மிகைச் சாய்வு டயரின் உள்விளிம்பைத் தேய்த்து, பிரேக்கின் பிடியையும் குறைக்கும்.

அகன்ற டயரின் சிக்கல் மழையில்தான். காற்றழுத்தம் மாறாவிடில் தரையில் படியும் பரப்பு பெரிதாகக் கூடுவதில்லை. அகலம் கூட, நீளம் குறையும். ஒதுக்கவேண்டிய நீரோ அதிகம். தேய்ந்த டயராயின், வேகத்தில் அது நீர்மேல் மிதக்கும். ஸ்டியரிங்கும் பிரேக்கும் பயனற்றுப்போகும். வடகீழ்ப் பருவமழையில் நனையும் துறைமுக வீதியில் இது அலங்காரமன்று, ஆபத்து. காரின் கதவோரத்தில் உற்பத்தியாளர் குறித்துள்ள டயர் அளவையும் காற்றழுத்தத்தையும் ஒக்டோபருக்கு முன்னரே சரிபார்ப்பது நலம்.