ஏற்றுவதைவிட இறக்குவது நல்லது: கணினியில் ஈக்வலைசர்

ஆத்தூர், முக்காணி, பழையகாயல், புன்னைக்காயல் என்று தாமிரபரணி கடலைத் தொடும் பக்கத்து ஊர்களில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களின் காது பெரும்பாலும் இலங்கை வானொலியில் பழகிய காது. உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதனால் மத்திய அலை தரைமேல் வருவதைவிடக் கடல்மேல் அதிக தூரம் வலுக் குறையாமல் வரும். தூத்துக்குடி ஆகாசவாணி 1053 கிலோஹெர்ட்ஸில் இலங்கைக்குப் பேசுவதும் இதே கடல்வழியாகத்தான். ஆனால் மத்திய அலையில் ஒரு நிலையத்துக்குக் கிடைக்கும் இடம் குறுகியது. சுமார் 5000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி அநேகமாக வந்து சேராது. தாளத்தின் கிணுகிணுப்பும் குரலோடு வரும் மூச்சும் இல்லாத பாட்டைத்தான் ஒரு தலைமுறை 'நல்ல பாட்டு' என்று கேட்டு வளர்ந்தது.

கோயில் கொடைக்குக் கட்டும் குழாய் ஸ்பீக்கருக்கு வேறு குணம். அதன் வாய் சிறியது என்பதால் கீழ்ப்பக்க ஒலி வராது. நடுப்பகுதி மட்டும் ஊரின் மறுகோடிவரை போய்க் குத்தும். இன்றைய பிள்ளைகள் தரை அதிரும் பாக்ஸ் ஸ்பீக்கரில் பழகியவர்கள். ஒரே வீட்டில் இந்த மூன்று காதும் இருக்கும்போது, கணினியில் ஓடும் பாட்டைப் பற்றி அப்பாவும் மகனும் ஒத்துப்போவது கஷ்டம். இருவர் கையும் போய் நிற்கும் இடம் ஈக்வலைசர்.

வழக்கமான ஈக்வலைசரில் பத்து ஸ்லைடர் இருக்கும்: 31, 62, 125, 250, 500, 1000, 2000, 4000, 8000, 16000 ஹெர்ட்ஸ். ஒவ்வொன்றும் முந்தையதைப் போல இரண்டு மடங்கு. சங்கீதக்காரர் பேச்சில் சொன்னால், ஒரு ஸ்லைடரிலிருந்து அடுத்த ஸ்லைடர் ஒரு ஸ்தாயி தூரம். ஒரு கட்டையில் பாடும் ஆணின் ஸட்ஜம் சுமார் 130 ஹெர்ட்ஸ், ஐந்து கட்டையில் பாடும் பெண்ணின் ஸட்ஜம் சுமார் 196. ஆகவே பாடகர் தொடும் ஸ்வரங்கள் ஏறக்குறைய எல்லாமே 125-க்கும் 1000-க்கும் இடையில் அடங்கிவிடும். அப்படியானால் மேலே உள்ள ஸ்லைடர்கள் எதற்கு? ஒவ்வொரு ஸ்வரத்தோடும் அதன் இரண்டு, மூன்று, நான்கு மடங்குகளில் உபஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும். இது ஜானகி, இது சுசீலா என்று நாம் அடையாளம் காண்பது அவற்றால்தான். ச, த, ட போன்ற மெய்யெழுத்துகளின் கூர்மையும் 2000-க்கு மேல்தான் இருக்கிறது. அது குறைந்தால் பாட்டு கேட்கும், வார்த்தை புரியாது.

ஒரு பாட்டை வைத்துப் பார்த்தால் விளங்கும். 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். எம். சுப்பையா நாயுடு இசையில் 'சிங்கார வேலனே தேவா'. ஒரு பக்கம் எஸ். ஜானகியின் குரல், மறுபக்கம் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம். காருகுறிச்சியார் கோவில்பட்டியில் குடியிருந்தவர் என்பதால் தூத்துக்குடி மாவட்டம் அவரைச் சொந்தம் கொண்டாடலாம். குரலும் நாதஸ்வரமும் ஒன்றையொன்று துரத்தும் பாட்டு; ஈக்வலைசரைச் சோதிக்க இதைவிடக் கடினமான பரீட்சை குறைவு.

முதலில் எல்லா ஸ்லைடரையும் பூஜ்யத்தில் வைத்து ஒருமுறை முழுக்கக் கேளுங்கள். பிறகு 31-ஐயும் 62-ஐயும் மேலே தள்ளுங்கள். பேஸ் வரும் என்று எதிர்பார்ப்பீர்கள். அந்தக் காலத்து ஒலிப்பதிவில் அந்த இடத்தில் இசை என்று பெரிதாக எதுவும் இல்லை. வருவது மெல்லிய உறுமல்தான். 16000-ஐ ஏற்றினால் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் மட்டும் கூடும். பதிவில் இல்லாததை ஈக்வலைசரால் கொண்டுவர முடியாது. ஏற்றும்போது அந்த இடத்தில் என்ன கிடக்கிறதோ அதுதான் பெரிதாகும்.

இனி எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, 2000-ஐயும் 4000-ஐயும் நான்கு டெசிபல் ஏற்றுங்கள். ஜானகியின் வார்த்தைகள் பளிச்சென்று முன்னால் வரும். நாதஸ்வரம் மேல் ஸ்தாயிக்குப் போன உடனே காது கூசும். மனிதக் காது மிக நுட்பமாகக் கேட்பது 3000, 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில்; காதுத்துளையின் நீளமே அந்த ஒலியைப் பெருக்கிக் கொடுக்கிறது. நாதஸ்வரத்தின் காரமும் ஏறக்குறைய அங்கேதான். கூசுகிறதே என்று அதை இறக்கினால் நாதஸ்வரம் அடங்கும், கூடவே வார்த்தையும் மங்கும். இப்படி முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே நேரம் போக்கலாம்.

வழி வேறு இடத்தில் இருக்கிறது. 2000, 4000 இரண்டையும் பூஜ்யத்தில் விட்டுவிட்டு 250-ஐ மூன்று டெசிபல் இறக்குங்கள், 500-ஐ இரண்டு. மூட்டமாக நின்ற ஒன்று விலகும். எதையும் ஏற்றாமலே குரல் முன்னுக்கு வந்திருக்கும், நாதஸ்வரம் குத்தாது. பழைய மோனோ பாட்டுகளில் குரல், வயலின், மிருதங்கம் எல்லாம் இந்த 250–500 பகுதியில்தான் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. அங்கே கொஞ்சம் இடம் விட்டால் போதும். எந்த ஸ்லைடர் தொல்லை என்று தெரியாவிட்டால் ஒவ்வொன்றாக எட்டு டெசிபல்வரை ஏற்றிப் பாருங்கள். எது காதுக்கு ரொம்பவும் நாராசமாக இருக்கிறதோ, அதையே பூஜ்யத்துக்குக் கீழே மூன்று டெசிபல் இறக்கிவிடுங்கள். ஒலிப்பதிவுக்காரர்கள் நெடுங்காலமாகச் செய்துவரும் வேலை இது.

இறக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கணினிக்குள் ஒலி என்பது எண்கள். அந்த எண்ணுக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது. இன்றைய சினிமாப் பாட்டுகளை அந்த வரம்பை ஒட்டியே ஏற்றித்தான் வெளியிடுகிறார்கள். நீங்கள் ஒரு ஸ்லைடரை ஆறு டெசிபல் ஏற்றினால் அந்தப் பகுதியின் அலை இரண்டு மடங்காகும். வரம்பைத் தாண்டிய உச்சி வெட்டுப்படும். தவிலில் ஓர் அடி விழும்போதெல்லாம் 'கர்ர்' என்று கேட்கும். ஸ்பீக்கர் போய்விட்டதென்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்களில் சிலருக்கு இதுதான் வியாதி. ஈக்வலைசரில் 'ப்ரீஆம்ப்' என்று தனியாக ஒரு ஸ்லைடர் இருக்கும். எந்த ஸ்லைடரை அதிகம் ஏற்றினீர்களோ அதே அளவுக்கு ப்ரீஆம்பை இறக்கிவிட்டால் இந்தக் கரகரப்பு போய்விடும்.

சத்தம் கூடினால் நன்றாக இருப்பதாகத் தோன்றுவது மனிதக் காதின் பலவீனம். ஸ்லைடர்களை ஏற்றி வைத்தபின் ஈக்வலைசரை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தால், போட்டிருக்கும்போதுதான் அருமை என்று தோன்றும். இரண்டு நிலையிலும் சத்தம் ஒரே அளவாக இருக்கும்படி ப்ரீஆம்பைச் சரிசெய்துவிட்டு ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும்.

மென்பொருள் விஷயத்தை நீட்ட வேண்டியதில்லை. கணினியில் சேமித்து வைத்த பாட்டு என்றால் விஎல்சி போதும்; விண்டோஸில் கண்ட்ரோலும் ஈ-யும் சேர்த்து அழுத்தினால் ஈக்வலைசர் திறக்கும். யூடியூபில் ஓடும் பாட்டுக்கு அது உதவாது. கணினியிலிருந்து வெளியேறும் மொத்த ஒலிக்கும் போட, விண்டோஸில் 'ஈக்வலைசர் ஏபிஓ' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. நிறுவும்போது எந்த ஸ்பீக்கருக்கு, எந்த ஹெட்போனுக்கு என்று கேட்கும். சரியாகத் தேர்ந்துவிட்டுக் கணினியை ஒருமுறை மீண்டும் தொடக்குங்கள். ஸ்லைடர் பார்த்து வேலை செய்ய அதன்மேல் 'பீஸ்' என்ற இன்னொரு சிறு மென்பொருளையும் போட்டுக்கொள்ளலாம். லினக்ஸில் 'ஈஸி எஃபெக்ட்ஸ்'. மேக்கில் ஆப்பிள் மியூசிக்குள் ஒன்று இருக்கிறது, அந்தச் செயலிக்கு மட்டும். எதைப் போட்டாலும், விண்டோஸ் சவுண்ட் அமைப்பில் ஏற்கெனவே 'பேஸ் பூஸ்ட்', 'லவுட்னஸ்' என்று ஏதாவது ஓடுகிறதா என்று பார்த்து முதலில் அணையுங்கள். அது ஒரு பக்கம் ஏற்ற, நீங்கள் இன்னொரு பக்கம் இறக்க, இரண்டும் மல்லுக்கு நிற்கும்.

ஸ்பீக்கரை வைக்கும் இடத்துக்கு ஈக்வலைசரைவிட அதிக செல்வாக்கு. நம் வீடுகளில் சுவர் அலமாரிக்குள் ஸ்பீக்கரைத் தள்ளி வைக்கும் பழக்கம் உண்டு. மூன்று பக்கச் சுவரும் கீழ்ப்பக்க ஒலியைத் திருப்பி அனுப்ப, பாட்டு பானைக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். அலமாரியின் விளிம்புவரை இழுத்து வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்; மீதிக்கு 125-ஐ மூன்று டெசிபல் இறக்கினால் போதும். லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கருக்கு எதிர்மாறான குறை. சுமார் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதனால் சரிவரப் பேச முடியாது. இளையராஜா பாட்டின் பேஸ் கிட்டாரில் அடிக்கம்பி 41 ஹெர்ட்ஸில் அதிரும். அந்தக் குட்டி ஸ்பீக்கருக்கு அது எட்டாக்கனி. ஆனாலும் பேஸ் வரிசை நமக்கு ஓரளவு கேட்கிறதே என்றால், உபஸ்வரங்களைக் கேட்டு மூளை அடியை ஊகித்துக்கொள்கிறது. அதனால் லேப்டாப்பில் 31, 62 இரண்டையும் முழுக்க இறக்கி, 250-ஐ இரண்டு டெசிபல் ஏற்றினால் வீண் உழைப்பு குறைந்து ஸ்பீக்கர் தெளிவாகப் பேசும். நான் ஏற்றச் சொல்லும் சில இடங்களில் இது ஒன்று.

இன்னொன்று ராத்திரி. சத்தம் குறையக் குறைய, காது கீழ்ப்பக்க ஒலியை மற்றதைவிட வேகமாகக் கைவிட்டுவிடும். பெல் ஆய்வுக்கூடத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே இதை அளந்து வெளியிட்டார்கள். பக்கத்து அறையில் ஆள் தூங்கும்போது மெதுவாகக் கேட்பவர்கள் 62-ஐயும் 125-ஐயும் நான்கு டெசிபல் ஏற்றுவதில் தப்பில்லை. காலையில் சத்தத்தைக் கூட்டும்போது அதை மறக்காமல் இறக்கிவிட வேண்டும்.

'ராக்', 'ஜாஸ்', 'கிளப்' என்று தயாராக வரும் அமைப்புகளை நான் தொடுவதில்லை. நாதஸ்வரத்தையும் தவிலையும் நினைத்து அவற்றை யாரும் செய்யவில்லை. பெரும்பாலானவை இரண்டு ஓரத்தையும் ஏற்றி நடுவைப் பள்ளமாக்குபவை; நம் பாட்டில் குரல் இருப்பதே அந்த நடுவில். அதற்குப் பதில் நீங்களே இரண்டு மூன்று அமைப்பு செய்து பெயரிட்டுச் சேமியுங்கள்: பழைய பாட்டு, புதுப் பாட்டு, ராத்திரி. ஹெட்போனுக்குத் தனியாக ஒன்று. பல ஹெட்போன் மாடல்களை அளந்து, எந்த இடத்தில் எத்தனை டெசிபல் மாற்ற வேண்டும் என்ற கணக்கை 'ஆட்டோ ஈக்யூ' என்ற இலவசத் திட்டத்தில் போட்டிருக்கிறார்கள். உங்கள் மாடல் அதில் இருந்தால் அப்படியே ஏபிஓ-வுக்குள் ஏற்றிக்கொள்ளலாம்.

ஒரு பக்கம் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டால் ஸ்லைடரைத் தொடாதீர்கள். கடற்கரைப் பக்கத்தில் உப்புக் காற்று பட்டு ஹெட்போன் பின் களிம்பு பிடித்திருக்கும், துடைத்தாலே சரியாகும். வானொலியிலிருந்து கேசட்டில் பிடித்து, அதிலிருந்து கணினிக்கு ஏற்றிய பாட்டு உங்களிடம் இருந்தால், இரைச்சல் தாங்காதபோது 8000-ஐயும் 16000-ஐயும் ஆறு டெசிபல் இறக்கலாம். அங்கே இழக்க இசை இல்லை. பதிவிலேயே உச்சி வெட்டுப்பட்டுக் கரகரக்கும் பாட்டை மட்டும் எந்த ஸ்லைடரும் சரிசெய்யாது. அதற்கு நல்ல பிரதி வேறு எங்காவது கிடைக்கிறதா என்றுதான் தேட வேண்டும்.