தூரமானிக் கமிராவும் காஞ்சிநகர்க் காட்சிகளும்

காஞ்சிமாநகர்க்கு வருவோர் இந்நாளிற் கையிற் கமிராவின்றி வருவது அரிது. கோபுரத்தையும் பட்டையும் நொடிப்பொழுதிற் படமாக்கிக்கொண்டு மீள்கின்றனர். ஆயினும் அப்படங்களுட் பல, கண்ட பொருளைக் கண்டவாறே காட்டுவனவல்ல. கருவி செய்யும் வேலை இன்னது, நாம் செய்யவேண்டிய வேலை இன்னது என்று பகுத்தறியாமையே இதற்குக் காரணமாம். அன்றாட வாழ்க்கைக் காட்சிகளைப் பிடித்தற்கு ஏற்ற டிஜிட்டல் தூரமானிக் கமிராவைப் பற்றி, இந்நகரையே பயிற்சிக் களமாகக் கொண்டு, நம் மாணவ நண்பர்கட்குச் சில கூற விழைகின்றேன்.

ஒரு பொருள் எத்துணைத் தூரத்தில் உளது என்பதற்கேற்ப லென்சை முன்னும் பின்னும் நகர்த்தினாலன்றி உருவம் தெளிவுறாது. அத்தூரத்தை அளக்கும் உறுப்பே ரேஞ்சுபைண்டர் எனப்படும் தூரமானி. கமிராவின் முகத்தில் இரண்டு சாளரங்கள் சிறிது இடைவிட்டு அமைந்திருக்கும். ஒன்றன் வழியே காட்சியை நேரே காண்கின்றோம். மற்றதன் வழியே புகும் ஒளி உள்ளேயுள்ள கண்ணாடியால் திருப்பப்பட்டுக் காட்சியின் நடுவே இரண்டாம் உருவமாகத் தோன்றும். லென்சின் வளையத்தைத் திருகுங்கால் அவ்வுருவம் நகரும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் இடத்தில் தூரம் சரியாயிற்று என்க. முக்கோணத்தின் ஒரு பக்கமும் அதன் கோணங்களும் தெரிந்தால் ஏனைப் பக்கங்களை அறியலாம் என்று கணித வகுப்பிற் கற்றதே இங்குப் பயன்படுகின்றது. சாளரங்களின் இடைவெளி மிகுந்தோறும் அளவையின் நுட்பமும் மிகும்.

ஜெர்மனி தேசத்து ஆஸ்கர் பார்னக் என்பார் அமைத்த லைக்கா என்னும் சிறு கமிரா 1925-இல் லைப்சிக் நகரச் சந்தையில் வெளிப்போந்தது. 1932-இல் அதனொடு தூரமானி இணைக்கப்பெற்றது. பிரெஞ்சுக்காரராகிய கார்த்தியே பிரெஸ்ஸோன் இவ்வகைக் கருவி கொண்டே உலகெங்கும் படம் பிடித்தார். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷியின் இறுதி நாட்களில் அவர் நம் அண்டை ஊராகிய திருவண்ணாமலையில் இருந்தார். பிலிமை நீக்கி மின்னணுச் சில்லைப் பொருத்திய முதல் தூரமானிக் கமிரா 2004-இல் எப்சன் கம்பெனியாரிடமிருந்து வந்தது. லைக்காவின் எம்-8 என்பது 2006-இல் வந்தது.

இக்கருவியின் குணங்களும் குற்றங்களும் ஒருங்கே அறியற்பாலன. உருவிற் சிறியது, ஓசை மிகக் குறைவு, படத்தில் அடங்காத புறக்காட்சியும் சாளரத்திற் தெரிதலால், சட்டத்துள் யார் வருகின்றார் என்பதை முன்னரே காணலாம். ஆனால் நாம் காண்பது லென்சின் வழியாக அன்று. ஆதலின் மூடியைக் கழற்ற மறந்தாலும் சாளரம் தெளிவாகவே காட்டும்! மிக அண்மையிலுள்ள பொருளிற் கண் காண்பதும் லென்சு காண்பதும் சிறிது வேறுபடும். பெரும்பாலான லென்சுகளில் 70 சென்டிமீட்டருக்குக் குறைந்த தூரத்தைத் தூரமானியால் அளத்தலும் இயலாது.

இனிப் பயிற்சிக்கு வருவோம். பிள்ளையார்பாளையத்துத் தெருவில் நடக்கின்றோம் எனக் கொள்க. எதிர்ப்படும் ஒவ்வொரு பொருளுக்கும் வளையத்தைத் திருகிக்கொண்டிருத்தல் வீண் முயற்சி. முழுச் சட்ட அளவுள்ள சில்லும் 35 மில்லிமீட்டர் லென்சும் உடைய கமிராவில் துவாரத்தை எட்டாம் எண்ணில் நிறுத்தித் தூரத்தை 3 மீட்டரில் வைப்போமாயின், ஏறக்குறைய 2 மீட்டர் முதல் 7 மீட்டர் வரையுள்ளவை யாவும் போதிய தெளிவுடன் விழும். பிறகு கண்ணும் காலமுமே வேண்டுவன. 1509-இல் கிருஷ்ணதேவராயர் எடுப்பித்த ஏகாம்பரநாதர் கோயில் இராசகோபுரத்தைப் பிடிக்குங்கால் கமிராவை மேல்நோக்கிச் சாய்த்தால் கோபுரம் பின்னே சரிவதுபோல் தோன்றும். ஆதலின் பின்வாங்கி நின்று மட்டமாகப் பிடித்தல் நன்று. எட்டாம் நூற்றாண்டில் இராசசிம்ம பல்லவன் கட்டிய கைலாசநாதர் கோயில் மணற்கல்லால் ஆயது. சாய்ந்த காலை வெயிலில் அதன் சிற்பங்களின் நிழல் தெளிந்து நிற்கும். உச்சி வெயிலில் அவை தட்டையாகிவிடும்.

தறிவீட்டினுள் நிலைமை வேறு. குழித்தறியில் அமர்ந்தவர்மேல் வாயிலினின்று வரும் ஒளி ஒரு பக்கமே விழும். ஏனைய இடம் இருட்டு. வெள்ளியிழை சுற்றிப் பொன்முலாம் பூசிய சரிகையோ அவ்விருட்டினிடையே மின்னும். ஒளி மிகையாகிச் சரிகை வெறும் வெண்மையாய்விடின், பின்னர் எத்தகைய தந்திரத்தாலும் அதன் வேலைப்பாட்டை மீட்க இயலாது; நிழலையோ ஓரளவு வெளிச்சப்படுத்திக்கொள்ளலாம். ஆகவே சரிகைக்கு அளவிட்டுச் சிறிது குறைவாகவே ஒளியை விடுக. பழைய குழல்விளக்கு எரியும் இடத்தில், நம் நாட்டு மின்சாரத்தால் அது நொடிக்கு 100 முறை துடித்தலின், ஐம்பதில் ஒரு நொடி அல்லது நூற்றில் ஒரு நொடி வேகமே தக்கது. இன்றேற் படத்திற் பட்டை பட்டையாக இருள் விழக்கூடும். நாடா ஓடும் வேகத்தில் அது மங்கலாக விழுமேயெனில் விழுக. அஃது ஓடுகின்றது என்பதற்கு அதுவே சான்று.

சில்லின் ஒவ்வொரு புள்ளியும் ஒளியின் அளவை மட்டுமே அறியும், நிறத்தை அறியாது. கோடக் கம்பெனியைச் சார்ந்த பேயர் என்பார் 1976-இற் பெற்ற உரிமைப்படி, புள்ளிகளின்மேற் பாதிக்குப் பச்சையும், காற்பகுதிக்குச் சிவப்பும், காற்பகுதிக்கு நீலமுமாக வடிகட்டிகள் வைக்கப்பெறும். ஒவ்வொரு புள்ளியிலும் குறைந்துள்ள நிறங்களைக் கணக்கிட்டு நிரப்புவது பின்னர் நிகழ்வதாம். இங்கே பட்டினால் ஒரு சங்கடம் விளைகின்றது. பாவும் ஊடையும் ஒழுங்காகக் குறுக்கிட்ட நெசவு, ஒழுங்காக வரிசையிட்ட புள்ளிகளோடு மோதுங்கால், துணியில் இல்லாத அலைவரிகளும் வண்ணங்களும் படத்தில் தோன்றும். ஓரடி முன்னோ பின்னோ நகர்ந்தோ, கோணத்தைச் சிறிது மாற்றியோ மறுபடியும் பிடித்தலே எளிய பரிகாரம். மேற்கூறிய எம்-8 கருவியிற் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் சில்லிற் புகுந்தமையின், கறுப்புச் செயற்கைத் துணிகள் கத்தரிப்பூ நிறமாகத் தோன்றின. அதனைத் தடுக்கத் தனி வடிகட்டியை லென்சின்மேற் பொருத்த நேர்ந்தது. கருவியும் பொய் சொல்லக்கூடும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

படத்தைப் பதப்படுத்தும் வேலையை இனிக் கூறுவேன். கமிராவே சமைத்துத் தரும் ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளே உள. சமைக்காத ‘ரா’ கோப்பிலோ, 14 பிட் கருவியாயின், 16,384 படிகள் உள. ஆதலின் ‘ரா’ கோப்பையே சேமித்தல் வேண்டும். முதலில் வெண்மையைச் சரிசெய்க. அதன்பொருட்டுத் தறியருகே ஒரு சாம்பல்நிற அட்டையை வைத்து முதற்படம் ஒன்று எடுத்துக்கொள்வது நலம். அடுத்து நிழலைச் சிறிது உயர்த்துக. கடைசியாகவே நிறத்தைத் தொடுக. தொடாமலிருத்தல் அதனினும் நன்று.

இதனை யான் ஒரு முதியவரிடம் கற்றேன். அவர் நெய்த சேலை ஒன்றனைப் படமெடுத்து, அழகுபெறும் என்று எண்ணி அரக்கு நிறத்தை மிகுவித்து அவரிடம் காட்டினேன். உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடாக்கள் ஓட்டி, அவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில் இழைக்கு இழை கோத்துச் செய்யும் கோர்வை வேலை அது. அவர் நெடுநேரம் நோக்கினார். “ஐயா, படம் நன்றாக இருக்கிறது. ஆனால் இது நான் நெய்த சேலையன்று. இதைப் பார்த்து ஒருவர் வாங்கினால், நிறம் வேறென்று சேலை திரும்பி வரும், கூலி எனக்குத்தான் குறையும்” என்றார். எனக்கு நாணம் மிகுந்தது. அன்றுமுதல் துணியைப் பகல் வெளிச்சத்திற் கணிப்பொறித் திரையின் அருகே விரித்து, இரண்டையும் ஒப்புநோக்கிய பின்னரே படத்தை வெளியிடுகின்றேன்.

மாணவ நண்பர்காள்! ஒருவர் வீட்டு வாயிலிற் புகுமுன் உத்தரவு கேளுங்கள். வேண்டாம் என்றால் கமிராவைத் தாழ்த்துங்கள். கோயிலினுள் எவ்விடத்திற் படம் பிடிக்கலாகாது என்று விதித்துளரோ அவ்விடத்திற் பிடியாதிருங்கள். புதிய கரை வேலைப்பாட்டை நெசவாளர் சம்மதமின்றி வெளியிடாதீர்கள். பல நாள் உழைத்து அமைத்த கோலத்தை விசைத்தறியிற் பிறர் படியெடுக்க அப்படமே ஏதுவாகலாம். எடுத்த படத்தின் பிரதி ஒன்றை அவர்கட்குக் கொடுத்து மீளுங்கள். இரண்டு உருவங்களும் ஒன்றாகப் பொருந்துங்கால் தூரமானி சரியாயிற்று என்று முன்னர்க் கூறினேன். நாம் காட்டும் படமும் அவர் செய்த பொருளும் அவ்வாறே பொருந்துமாயின், நம் வேலையும் சரியாயிற்று எனக் கொள்ளலாம்.