ஒரு கைவேலையின் கிளைகள்

ஓய்வுநேரக் கைவேலையில் இறங்கியவர்கள் இதனை அறிவார்கள். மேசையொன்று செய்யத் தொடங்கினால் முதலில் சீவுளியைத் தீட்ட வேண்டியிருக்கும். தீட்டுவதற்கு ஒரு தாங்கி தேவைப்படும். தாங்கியைச் செய்கையில் வாள் மழுங்கும். மேசையோ மூலையிலே கிடக்கும். இது மனச்சிதறலா, வளர்ச்சியா?

நேயர்களே, இங்கிலாந்தின் பாத் நகரிலே வாழ்ந்த ஓர் இசையாசிரியரின் வீட்டுக்குச் சென்று பார்ப்போம். வில்லியம் ஹேர்ஷல் தேவாலயத்தில் ஓகன் வாசித்தவர். றொபேட் ஸ்மித்தின் இசையியல் நூலைக் கற்ற அவர், அதே ஆசிரியரின் ஒளியியல் நூலையும் கையிலெடுத்தார். வானத்தைப் பார்க்கும் ஆசை பிறந்தது. பெரிய தொலைநோக்கியை வாங்க வசதியில்லை. தாமே செய்யத் துணிந்தார். அதற்கு ஆடி வேண்டும். செம்பையும் வெள்ளீயத்தையும் உருக்கி வார்க்க உலை வேண்டும். வார்ப்பதற்கு அச்சு வேண்டும். வரவேற்பறை தச்சுப்பட்டறையாயிற்று. 1781 இல் பேராடியொன்றை வார்க்கையில் உலை கசிந்து, உருகிய உலோகம் நிலத்திலே பாய, தளக்கற்கள் வெடித்துச் சிதறின. அனைவரும் ஓடித் தப்பினர்.

அதே ஆண்டு மார்ச் 13 ஆம் திகதி இரவு, தம் கையாற் செய்த தொலைநோக்கியிலே அவர் ஒரு புதிய ஒளியைக் கண்டார். முதலில் வால்வெள்ளியென்றே எண்ணினார். அதுவே யுறேனஸ் என்னும் கோள்.

இக்கதையில் இன்னொருவர் இருக்கின்றார். பாடகியாகும் நோக்குடன் 1772 இல் அண்ணனிடம் வந்த தங்கை கரோலின். அச்சுக்கான குதிரைச் சாணத்தை இடித்துச் சலித்தவர் அவர். ஆடியை விட்டுக் கையெடுக்காது பதினாறு மணிநேரம் மெருகிட்ட அண்ணனுக்கு உணவு ஊட்டியவரும் அவரே. பட்டறை வளர வளர அவருடைய பாட்டுப் பயிற்சி தேய்ந்தது. பின்னர் அவரும் வானை நோக்கினார். 1786 முதல் 1797 வரை எட்டு வால்வெள்ளிகளைக் கண்டார். ஆயினும் கைவிட்ட பாட்டு கைவிட்டதுதான்.

கிளையொன்று இலக்கியத்தையும் எட்டியது. ஹோமரைச் சப்மனின் மொழிபெயர்ப்பிலே படித்த வியப்பைச் சொல்ல, 1816 இல் கீற்ஸ் தம் கவிதையிலே புதிய கோளைக் காண்பவனை உவமையாக்கினார்.

கிளைகள் எத்தனையாயினும் அவற்றிலே ஒரே ஆவலின் சாறு ஓடுமாயின் அது சிதறலன்று. ஆனால், அம்மரத்துக்கு யார் நீரூற்றினார்கள் என்பதையும் நாம் கேட்க வேண்டும்.